விழிவெண்படல நோய்களும் கமக்காரரின் கண் பாதுகாப்பும்

பெரும்போக நெல்லறுவடை தை மாதம் தொடங்கிப் பங்குனி வரையும், சிறுபோக அறுவடை ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களிலும் நடைபெறுகின்றது. இக்காலங்களில் வயலிலும் களத்திலும் நிற்பவர்களின் கண்ணிலே நெற்சுணையோ, பதரோ, வைக்கோற்றூளோ விழுவது புதுமையான நிகழ்ச்சியன்று. அவ்வாறு விழுந்ததும் ஒருவர் கண்ணைக் கசக்கிவிட்டுச் சால்வைத் தலைப்பினால் ஒற்றிக்கொண்டு மீண்டும் வேலையிற் புகுந்துவிடுவார். அனேக சந்தர்ப்பங்களில் அத்தூசு கண்ணீருடன் வெளியேறிவிட, அச்சம்பவமும் மறக்கப்பட்டுவிடும். சில சந்தர்ப்பங்களில் அவ்வாறு ஆவதில்லை. இரண்டொரு நாளிற் கண் சிவக்கும். பின்னர் கருவிழியின்மேல் மங்கலான வெண்புள்ளியொன்று தோன்றும். அறுவடை முடிந்து நெல்லை விற்றபின் வைத்தியசாலைக்குச் செல்லலாமென்று அவர் காத்திருப்பாராயின், அக்கண்ணின் பார்வையை முழுமையாக மீட்பது எத்துணைச் சிறந்த வைத்தியருக்கும் இயலாததாகிவிடும்.

இவ்வெண்புள்ளியையே கிராமங்களிற் ‘கண்ணிற் பூ விழுந்தது’ என்று கூறுவர். முதுமையில் வரும் கண்புரையையும் இதையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். அது தவறு. கண்புரை கண்ணின் உட்புறத்தேயுள்ள வில்லையில் உண்டாவது. வருடக்கணக்காக மெல்ல வளர்வது. சத்திரசிகிச்சை செய்து புதிய வில்லை வைப்பதனால் இலகுவிற் குணமாகக் கூடியது. பூ விழுதலோ கண்ணின் முன்புறத்தே உள்ள விழிவெண்படலம் என்னும் பகுதியிலே புண் ஏற்பட்டு ஆறியபின் எஞ்சும் தழும்பு. இத்தழும்பை எந்தத் துளிமருந்தும் கரைக்க மாட்டாது. ஆகவே தழும்பு விழுமுன் செய்ய வேண்டியவற்றை அறிந்திருத்தல் கமக்காரர் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

விழிவெண்படலத்தின் அமைப்பு

கடிகாரத்தின் முகத்தை மூடியிருக்கும் கண்ணாடியைப் போன்று, கருவிழியின் முன்னே வளைந்து நிற்கும் தெளிந்த சாளரமே விழிவெண்படலமாகும். இதன் குறுக்களவு ஏறக்குறைய 11 முதல் 12 மில்லிமீற்றர். நடுப்பகுதியின் தடிப்பு அரை மில்லிமீற்றருக்குச் சற்றே அதிகம். கண்ணினுட் செல்லும் ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இம்மெல்லிய படலமே செய்கின்றது. எஞ்சியதையே உள்ளிருக்கும் வில்லை செய்கின்றது. ஆகையால் இதன் வளைவு சிறிது கோணினாலும், தெளிவு சிறிது மங்கினாலும் பார்வை கெடும்.

உடலின் ஏனைய பகுதிகளைப் போல இதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி புகாது. வேண்டிய ஒட்சிசனைக் கண்ணீரின் வழியாக வெளிக்காற்றிலிருந்து பெறுகின்றது. இரத்தம் ஓடாத இடமாதலின், நோய்க்கிருமிகள் உட்புகுந்தால் அவற்றை எதிர்க்கும் வெண்குழியங்கள் வந்துசேரத் தாமதமாகின்றது. அதே வேளையில் நரம்புகளோ இங்கு மிக நெருக்கமாக உள்ளன. சிறு தூசு பட்டாலும் தாங்கொணா வேதனை உண்டாவதற்குக் காரணம் இதுவே.

படலத்தின் மேற்புறத்தே உள்ள மேலணி மொத்தத் தடிப்பிற் பத்தில் ஒரு பங்கேயாகும். இது கீறப்பட்டால், சுற்றியுள்ள கலங்கள் நகர்ந்து வந்து ஓரிரு நாளில், கூடினால் மூன்று நாளில், கீறலை மூடிவிடும், தழும்பும் எஞ்சாது. அதன் கீழே உள்ள தடித்த நடுப்படையானது ஒழுங்காக அடுக்கப்பட்ட நார்களால் ஆயது. புண் இப்படை வரை இறங்கினால், ஆறும்போது நார்கள் ஒழுங்கின்றி வளர்ந்து வெண்மையான தழும்பாகின்றன. யாவற்றுக்கும் உட்புறத்தே ஒரே வரிசைக் கலங்களாலான அகவணி உள்ளது. வயலில் மேலதிகமாக நிற்கும் நீரை இறைத்து வெளியேற்றுவது போல, நடுப்படையில் ஊறும் நீரை இக்கலங்கள் ஓயாது வெளியேற்றுவதனாலேயே படலம் தெளிவாயிருக்கின்றது. மனிதரில் இக்கலங்கள் அழிந்தால் மீண்டும் பெருகுவதில்லை.

கீறலும் முதல் நாளும்

நெல்லின் இலையோரமும் உமியும் மணிச்சத்து, சாம்பற்சத்து போன்றவற்றால் மாத்திரமன்றிச் சிலிக்காவினாலும் உரம் பெற்றவை. நெல் வெட்டுவோரின் கையிற் சிறு கீறல்கள் விழுவது இதனாலேயே. தோலைக் கீறும் பொருள் விழிவெண்படலத்தின் மேலணியைக் கீறுவது மிக இலகு. நெற்றாள் கண்ணிற் குத்துதல், தூற்றும்போது பதர் பறந்து விழுதல், கரும்பு, சோளம் ஆகியவற்றின் இலை கண்ணில் அறைதல், வேலி கட்டும்போது முள்ளோ கம்பியோ தட்டுதல், மாடு வாலை வீசுதல் என்பன யாவும் இத்தகைய கீறலை உண்டாக்கும். தூசு விழுந்த கண்ணைக் கசக்குவது இவையெல்லாவற்றிலும் கேடானது. இமைக்கும் படலத்துக்கும் இடையே சிக்கிய சுணையை அரத்தைப் போல ஆக்குவது கசக்கும் விரலேயாகும்.

தூசு விழுந்தால் கசக்காது, சுத்தமான குடிநீரைக் கையிலோ சிறு கிண்ணத்திலோ எடுத்து, அதனுள் கண்ணைப் பலமுறை திறந்து மூடவேண்டும். அல்லது ஒருவர் கண்ணிமையைப் பிரித்துப் பிடிக்க மற்றொருவர் மெதுவாக நீர் ஊற்றலாம். மேலிமையின் கீழ் ஒட்டிய தூசு பல சமயங்களில் இவ்வளவில் வெளியேறிவிடும். கழுவிய பின்னரும் உறுத்தலோ, கண்ணீர் வடிதலோ, வெளிச்சம் பார்க்கக் கூச்சமோ இருப்பின் மேலணி கீறப்பட்டுள்ளதென்றே கொள்ளல் வேண்டும். அன்றே வைத்தியசாலைக்குச் செல்வதே முறை.

அன்றே என்பதை அழுத்திக் கூறுவதற்குத் தக்க ஆதாரமுண்டு. நேபாள நாட்டின் பக்தபூர் மாவட்டத்தில் நடாத்தப்பட்டு 2001 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், விழிவெண்படலத்திற் கீறல் ஏற்பட்ட 442 பேருக்கு, கிராமங்களிலேயே பயிற்சி பெற்ற ஊழியர்கள் குளோரம்பெனிக்கோல் என்னும் கண் களிம்பை நாளொன்றுக்கு மூன்று முறையாக மூன்று நாள் இட்டனர். காயம்பட்டு 18 மணி நேரத்துள் வந்த 284 பேரில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துள் வந்த 109 பேரில் நால்வருக்குப் புண் உண்டாயிற்று. ஒரு நாள் கழித்து இரண்டாம் நாளில் வந்த 49 பேரிலோ 14 பேருக்குப் புண் உண்டாயிற்று. மருந்து ஒன்றே, மக்களும் ஒரே பகுதியினரே. வேறுபட்டது வந்த நேரம் மாத்திரமே. காலையில் நெல் வெட்டும்போது காயம்பட்டவர் அன்று மாலைக்குள் சென்றால் ஒரு களிம்புடன் போகக்கூடிய காரியம், மறுநாள் மாலை சென்றால் மூவரில் அல்லது நால்வரில் ஒருவருக்குப் புண்ணாக முடிந்தது.

இதைக் கொண்டு அக்களிம்பை எவரும் தாமாகவே வாங்கி இடலாமெனப் பொருள் கொள்ளலாகாது. கண்ணை ஆராய்ந்து, கீறல் மாத்திரமே உள்ளது, கிருமி இன்னும் புகவில்லையெனக் கண்டபின்னரே அங்கு மருந்து இடப்பட்டது.

பங்கசினால் உண்டாகும் புண்

மேலணி முழுமையாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகள் விழிவெண்படலத்தினுட் புகமுடியாது. கீறல் விழுந்ததும் வாயில் திறக்கப்படுகின்றது. அவ்வாயிலாற் பற்றீரியாக்களும் புகலாம், பங்கசுகளும் புகலாம். வெப்ப நாடுகளிற் கமத்தொழில் செய்வோரிடையே பங்கசுப் புண் அதிகமாகக் காணப்படுகின்றது. ஏனெனில் கண்ணைக் கீறும் வைக்கோலும் பதரும் பங்கசு வித்திகளையும் தம்முடனேயே கொண்டு வருகின்றன. கீறுவதும் விதைப்பதும் ஒரே செயலாக நடந்துவிடுகின்றன.

இப்பங்கசுகளுட் கூடுதலாகக் காணப்படுபவை இரண்டு. ஒன்று பியூசேரியம், மற்றது அஸ்பேர்ஜில்லஸ். இவ்விரண்டும் கமக்காரருக்கு அந்நியமானவையல்ல. வாழையை வாடச்செய்யும் பனாமா நோயும், வெங்காயத்தின் அடிக்குமிழ் அழுகலும் பியூசேரியத்தின் இனங்களால் உண்டாவன. ஈரம் காயாத நிலக்கடலையிற் பச்சை மஞ்சளாகப் பூப்பதும், களஞ்சியத்தில் வெங்காயத் தோலின் கீழ்க் கருந்தூளாகப் படிவதும் அஸ்பேர்ஜில்லஸின் இனங்களே. மண்ணிலும் அழுகும் தாளிலும் வாழும் இவை, கண்ணுக்குள் இடம் கிடைத்தால் அங்கும் இழைவிட்டு வளருகின்றன.

கண்ணைப் பங்கசு தாக்குவதை முதன்முதலாக விவரித்து எழுதியவர் ஜெர்மானியக் கண் வைத்தியரான தியோடர் லேபர். அவர் 1879 ஆம் ஆண்டில் விவரித்த நோயாளியும் ஒரு கமக்காரரே. தானியம் அடிக்கும்போது ஓட்ஸ் பதர் கண்ணிற் பட்டதால் அவருக்கு அஸ்பேர்ஜில்லஸ் புண் ஏற்பட்டிருந்தது. தானியமும் தேசமும் வேறாயினும் களத்து நிகழ்ச்சி ஒன்றாகவே இருக்கின்றது.

பற்றீரியாப் புண் மிக வேகமானது. ஒன்றிரண்டு நாளிலேயே கண் கடுமையாக வலித்து, சீழ் வடிந்து, நோயாளியை வைத்தியசாலைக்கு ஓடச் செய்யும். அவ்வகையில் அது நேர்மையான பகைவன் எனலாம். பங்கசோ மெதுவாக வளர்வது. தொடக்கத்தில் சிவப்பும் உறுத்தலும் மாத்திரமே இருக்கும். பல நாட்களிலோ இரண்டொரு வாரங்களிலோ, உலர்ந்த தோற்றமுள்ள சாம்பல் வெண்மையான புள்ளி தோன்றி, அதன் ஓரம் இறகைப் போலப் பிரிந்து பரவும். சில சமயம் பெரும் புள்ளியைச் சூழச் சிறு புள்ளிகளும் தோன்றும். முற்றிய நிலையிற் கருவிழியின் அடியிலே சீழ் மட்டமாகத் தேங்கி நிற்கும். ஆரம்ப வேதனை பொறுக்கக் கூடியதாயிருப்பதே இந்நோயின் பெருந்தீமை. அறுவடையை முடித்துக்கொண்டு போகலாம் என்ற எண்ணத்துக்கு அது இடங்கொடுத்துவிடுகின்றது. சூடடிக்கும் யந்திரத்தை வாடகைக்குப் பிடித்தவர், கூலியாட்களை அழைத்தவர், மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் ஆகியோருக்கு ஒரு நாளின் பெறுமதி யாதென்பது எவரும் அறிந்ததே. எனினும் நனைந்த நெல்லைக் காயவைத்து ஒரு பங்கையேனும் மீட்கலாம். உருகிய விழிவெண்படலத்தை மீட்பதற்கு வழியில்லை.

பங்கசைக் கொல்லும் கண் துளிமருந்துகளுள் நற்றாமைசின் என்பது முதலிடம் பெறுகின்றது. மதுரை முதலிய இடங்களிலுள்ள அரவிந்த் கண் வைத்தியசாலைகளில் நடாத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வில், அதனினும் புதிய மருந்தான வொரிக்கொனசோலை விட நற்றாமைசினே சிறந்த பலனளித்தது; பியூசேரியம் புண்ணில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஆயினும் இம்மருந்து விழிவெண்படலத்தினுள் ஆழமாக ஊறுவதில்லை. மேற்புறத்தே புண் இருக்கும்போது தொடங்கினால் வெல்லும். பங்கசு ஆழ இறங்கியபின் தொடங்கினாற் பல சமயம் தோற்கும். முதல் நாட்களிற் பகலிலும் இரவிலும் மணிக்கொரு முறை மருந்து விடவேண்டியிருக்கும். பின்னர் படிப்படியாகக் குறைத்து வாரக்கணக்கில் தொடர வேண்டும். வலி குறைந்ததும் மருந்தை நிறுத்திவிட்டு வயலுக்குத் திரும்புவோர், தாளை வெட்டிக் கிழங்கை மண்ணுள் விட்ட களையைப் போல நோயை விட்டுவைக்கின்றனர்.

விடலாகாத மருந்துகள்

கண் சிவந்ததும் நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஆகியவற்றை விடும் வழக்கம் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. நாவினாற் கண்ணைத் துழாவித் தூசெடுப்போரும் உளர். நல்லெண்ணத்துடன் செய்யப்படுவன என்பதில் ஐயமில்லை. ஆனால் கீறல் விழுந்த கண்ணைப் பொறுத்தவரை இவை புதிய கிருமிகளைக் கொண்டு சேர்ப்பனவேயாம். வாயில் வாழும் பற்றீரியாக்கள் கண்ணிற் கடும் புண்ணை உண்டாக்க வல்லவை. இதனைப் பெரியோருக்கு எடுத்துரைக்கும்போது அவமதிப்பாகப் பேசாது, சுத்தமான நீரே முதல் மருந்து என்று விளக்கினால் ஏற்றுக்கொள்வர்.

இதனினும் ஆபத்தானது மருந்துக் கடையிற் ‘சிவந்த கண்ணுக்கு’ எனக் கேட்டு வாங்கும் துளிமருந்து. இவற்றுட் சிலவற்றில் ஸ்ரெரோயிட் என்னும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். வைத்தியர் நோயறிந்து கொடுக்கும்போது இது அரிய மருந்து. பங்கசுப் புண்ணிலோ, பின்னர் கூறப்படும் வைரசுப் புண்ணிலோ இதை விட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி அடங்கிச் சிவப்பும் வலியும் குறைய, நோய் மாத்திரம் தடையின்றி உள்ளே பரவும். நோயாளி குணமடைவதாக எண்ணி மகிழ்ந்திருக்கும் நாட்களே அவர் கண்ணை இழக்கும் நாட்களாகின்றன. அயலவருக்குக் கொடுக்கப்பட்ட எஞ்சிய மருந்தை வாங்கி விடுவதும் இத்தகையதே.

சிவந்த கண் யாவும் புண்ணல்ல. பருவத்துக்குப் பருவம் ஊரெங்கும் பரவும் கண்ணோயில் பெரும்பாலும் இரு கண்களும் சிவந்து, பீளை தள்ளி, காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பார்வை தெளிவாயிருக்கும். விழிவெண்படலப் புண்ணிற் பெரும்பாலும் ஒரு கண்ணே பாதிக்கப்படும், வலி மிகும், வெளிச்சத்தைப் பார்க்க இயலாது, பார்வை மங்கும். நல்ல கண்ணைக் கையால் மறைத்து, நோயுற்ற கண்ணால் நாட்காட்டியின் இலக்கத்தை வாசித்துப் பார்ப்பது எவரும் வீட்டிற் செய்யக்கூடிய சோதனையாகும். நேற்றுத் தெரிந்த இலக்கம் இன்று தெரியாவிடின் நாளை வரை பொறுத்தலாகாது.

சுண்ணாம்பு

கமத்தொழிலிற் சுண்ணாம்பு பலவாறு பயன்படுகின்றது. புளித்த மண்ணுக்கு இடுகின்றனர். துருசுடன் சேர்த்துப் போடோக் கலவை தயாரிக்கின்றனர். கோழிக்கூட்டுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் பூசுகின்றனர். வட பகுதியிற் கருப்பணி புளியாதிருக்க முட்டியின் உட்புறத்தே தடவுகின்றனர். வெற்றிலைத் தட்டத்திலும் அது உண்டு. சிறுவர்களின் கண்ணிற் சுண்ணாம்பு படுவது பல சமயங்களில் இத்தட்டத்தாலேயே. எவ்வழியாற் பட்டாலும் கண்ணுக்கு இது பெரும் பகையாகும்.

அமிலம் கண்ணிற் பட்டால் மேற்புறத்துப் புரதத்தை உறையச் செய்கின்றது; உறைந்த அப்புரதமே ஓரளவு தடையாக நின்று அமிலம் மேலும் இறங்காது தடுக்கின்றது. சுண்ணாம்பு போன்ற காரப்பொருளுக்கு அத்தடை இல்லை. அது கலங்களின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக் கரைத்துக்கொண்டு சில நிமிடங்களிலேயே கண்ணின் உட்பகுதியை அடைந்துவிடும். அன்றியும் சுண்ணாம்புத் துகள் இமைக்கீழ் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கிற் காரத்தைக் கசியவிட்டபடியே இருக்கும்.

நீர் பட்டாற் சுண்ணாம்பு கொதிக்கும், ஆகையாற் கண்ணிற் பட்டதற்கு நீர் விடலாகாது என்று சிலர் நம்பி எண்ணெய் விடுகின்றனர். இந்நம்பிக்கையாற் கண்ணிழக்க நேரிடலாம். கண்ணீரே நீர்தானே! தெரியும் துகள்களை நனைந்த சுத்தமான துணியாலோ பஞ்சாலோ உடனே ஒற்றி எடுத்துக்கொண்டு, தாமதமின்றி ஏராளமான நீரை ஊற்றிக் கழுவவேண்டும். கிணற்றடியோ, குழாயோ, தண்ணீர்க் குடமோ எது அருகில் உளதோ அதுவே நல்லது. மேலிமையையும் கீழிமையையும் விரித்து, கண்ணை எல்லாப் பக்கமும் சுழற்றச் செய்து, குறைந்தது அரைமணி நேரம் கழுவுதல் வேண்டும். முதலில் கழுவுக, பின்னரே வாகனம் தேடுக. வைத்தியசாலையில் இமையைப் புரட்டி எஞ்சிய துகள்களை அகற்றி, மீண்டும் கழுவுவர். பூச்சிநாசினி, களைநாசினி, திரவ உரம் ஆகியன பட்டாலும் இம்முறையே. இவற்றைப் பொறுத்தவரை 15 நிமிடத்துக்குக் குறையாது கழுவி, மருந்துப் போத்தலின் பெயர்ச்சீட்டை வைத்தியரிடம் காட்டுவதற்கு எடுத்துச் செல்லல் வேண்டும்.

உலகில் நெடுநாள் பார்வையளித்த முதலாவது முழு விழிவெண்படல ஒட்டுச் சத்திரசிகிச்சை, சுண்ணாம்பினாற் கண்கெட்ட கூலித் தொழிலாளி ஒருவருக்கே செய்யப்பட்டது என்பது இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. அதனைச் செய்தவர் எடுவார்ட் சிர்ம் என்னும் வைத்தியர். ஆண்டு 1905, மார்கழி. இடம் இன்று செக் குடியரசிலுள்ள ஒலொமௌட்ஸ் நகரம். இரு கண்ணும் கெட்டிருந்த அத்தொழிலாளிக்கு ஒரு கண்ணில் ஒட்டு நிலைத்தது. அவர் மீண்டும் தொழில் செய்யக் கூடியவரானார்.

ஏனைய கோளாறுகள்

எருக்கலைப் பால் கண்ணிற் பட்டால் அதிக வலியின்றியே பார்வை புகைபடிந்தது போலாகும். அகவணிக் கலங்களை அது தாக்குவதே காரணம். வலி இல்லையெனப் பொருட்படுத்தாது விடலாகாது. வேலிக்கு நடும் திருகுகள்ளியின் பாலோ சில மணி நேரத்துட் கடுமையான எரிவை உண்டாக்கும். இரண்டுக்கும் உடனே கழுவுதலும் வைத்தியரைக் காணலும் வேண்டும்.

மண்வெட்டி, கத்தி ஆகியவற்றைத் தீட்டும்போது பறக்கும் இரும்புத்துகள் விழிவெண்படலத்திற் பதிந்தால், விரைவிலேயே அதனைச் சூழத் துரு வளையம் உண்டாகும். ஊசியினாலோ தீக்குச்சியினாலோ அதைக் கிண்டுதல் அறியாமை. புல்வெட்டும் யந்திரத்திலிருந்து கல்லோ கம்பித்துண்டோ வேகமாகப் பறந்து கண்ணைத் துளைத்தால் நிலைமை வேறு. அப்போது கழுவவும் கூடாது, அழுத்தவும் கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கவும் கூடாது. கண்ணிற் படாதவாறு சிறு கோப்பையொன்றைக் கவிழ்த்து மூடி, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து இலவச சுவசெரிய நோயாளர் வண்டியை வருவித்து உடனே அனுப்புதல் வேண்டும்.

காய்ச்சலின்போது உதட்டோரத்திற் கொப்புளம் உண்டாக்கும் ஹேர்ப்பீஸ் வைரசு கண்ணிலும் கிளைவிட்ட மரம் போன்ற புண்ணை உண்டாக்கும். ஒருமுறை வந்தவருக்கு அது மீண்டும் வரக்கூடும். ஆதலின் முன்னைய சிகிச்சைச் சீட்டைப் பேணிவைத்தல் நன்று. வெயிலிலும் தூசியிலும் நெடுங்காலம் உழைப்போருக்கு மூக்கின் பக்கமாயிருந்து முக்கோண வடிவிற் சதை வளர்ந்து படலத்தின்மேல் ஏறுவதுண்டு. இது புற்றுநோயன்று, அவசரமுமன்று, பார்வையின் நடுப்பகுதியை நெருங்குமுன் காட்டினாற் போதும். கண்ணை ஓயாது கசக்கும் இளைஞர்களிற் சிலருக்குப் படலம் மெலிந்து கூம்பாகி, மூக்குக்கண்ணாடியை அடிக்கடி மாற்ற நேரிடும். இதுவும் ஆரம்பத்திற் கண்டால் தடுக்கக்கூடியது.

சிறு குழந்தைகளில் விற்றமின் ஏ குறைவினால் மாலைக்கண் தொடங்கி, முற்றினால் விழிவெண்படலம் வறண்டு உருகிவிடும். சின்னமுத்து வந்த குழந்தைகள் இதற்கு இலகுவில் ஆளாவர். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, பப்பாசிப்பழம், மஞ்சட் பூசணி, மாம்பழம் என்பன வளவிலேயே கிடைக்கும்போது இக்குறைபாடு நிகழ இடமளித்தலாகாது.

வைத்தியசாலையில் நடைபெறுவது

வைத்தியசாலையிற் கண்ணுக்கு ஏதோ செய்துவிடுவார்கள் என்ற அச்சத்தினாற் பின்வாங்குவோர் உளர். முதலிற் பார்வை அளக்கப்படும். பின்னர் புளோரசீன் என்னும் மஞ்சட் சாயம் கண்ணில் ஒற்றப்படும். இதனால் வலி இல்லை. மேலணி கீறப்பட்ட இடம் மாத்திரம் இச்சாயத்தைப் பற்றிக்கொண்டு, நீல ஒளியிற் பச்சையாக ஒளிரும். பெரிதாக்கிக் காட்டும் கருவியின் முன் நாடியை வைத்து அமர்த்தி வைத்தியர் கண்ணைப் பார்வையிடுவார். புண் இருப்பின், மரத்துப்போகும் துளிமருந்து விட்டு அதன் ஓரத்தை மெல்லச் சுரண்டியெடுத்து, பற்றீரியாவா பங்கசா என்று நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். இச்சோதனைக்கு முன் கண்டபடி மருந்துகளை விட்டிருந்தாற் கிருமியைக் கண்டறிதல் கடினமாகும். வைக்கோலா, சுண்ணாம்பா, இரும்பா எது பட்டது, எத்தனை மணிக்குப் பட்டது, எதனை விட்டீர் என்பவற்றை ஒளியாது கூறவேண்டும். பூச்சாறு விட்டதைச் சொல்ல நாணி மறைப்பதனால் நோயாளிக்கே நட்டம்.

அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. கிராமத்துக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்றால், வேண்டிய இடத்து அவர்களே கண் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவர். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய போதனா வைத்தியசாலைகளில் இப்பிரிவுகள் உள்ளன. கொழும்பிலே தேசிய கண் வைத்தியசாலை உண்டு. மேலிடத்துக்கு அனுப்பப்பட்டவர் பயணச் சிரமத்தைக் கருதி வீடு திரும்புவதே பெருந்தவறாகும்.

தழும்பு விழுந்தபின்

தழும்பு பார்வையின் நடுவே விழுந்துவிட்டால் எஞ்சிய வழி, இறந்த ஒருவர் தானமளித்த விழிவெண்படலத்தை வெட்டி ஒட்டுவதேயாகும். இரத்தக் குழாய்கள் இல்லாத உறுப்பாதலின் ஏனைய உறுப்புகளைவிட இவ்வொட்டை உடல் இலகுவில் ஏற்கின்றது. ஆயினும் புண்ணினாற் குழாய்கள் வளர்ந்துவிட்ட கண்ணில் வெற்றி குறைவு. ஒட்டியபின் நெடுங்காலம் மருந்து விடவும், சிவப்போ மங்கலோ கண்டால் உடனே திரும்பவும் வேண்டும்.

இத்துறையில் இலங்கைக்கு உலகறிந்த இடமுண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1958 இல் பத்திரிகை மூலம் மக்களிடம் கண்தானம் வேண்டினார். 1960 இல் அவரது தாயார் காலமானபோது, அவ்வம்மையாரின் விழிவெண்படலம் வறிய கமக்காரர் ஒருவருக்கு ஒட்டப்பட்டு, அவர் பார்வை பெற்றார். 1961 இல் ஹட்சன் சில்வா அமைத்த இலங்கைக் கண்தான சங்கம், 1964 இற் சிங்கப்பூருக்கு முதன்முறையாகக் கண்களை அனுப்பியது. அன்று தொட்டுப் பல நாடுகளுக்கு அனுப்பிவந்துள்ளது. முதியோரும், மூக்குக்கண்ணாடி அணிந்தோரும், கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தோரும் தானமளிக்கலாம். மரணத்தின்பின் சில மணி நேரத்துள் எடுக்கப்படல் வேண்டுமாதலின், குடும்பத்தவர் உடனே அறிவித்து, இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்திருத்தல் வேண்டும். முகத்தின் தோற்றம் கெடுவதில்லை.

காப்புக்கண்ணாடி

தூற்றும்போதும், சூடடிக்கும் யந்திரத்தின் அருகே நிற்கும்போதும், சுண்ணாம்பு கரைக்கும்போதும், மருந்து விசிறும்போதும், புல் வெட்டும்போதும் பக்கமறைப்புள்ள காப்புக்கண்ணாடி அணிதல் வேண்டும். சாதாரண வெயிற்கண்ணாடி இதற்குப் போதாது; பக்கங்களால் தூசு நுழையும், கல் பட்டால் உடையவும் கூடும். உடையாத பொலிகாபனேற்றுக் கண்ணாடி மருந்து விசிறும் கருவிகளை விற்கும் கடைகளிற் பெரும்பாலும் கிடைக்கும். வியர்வையால் மங்குகின்றதென்பதே கமக்காரர் கூறும் முதற்குறை. அது நியாயமானதே. மேற்புறத்தே காற்றுத் துளையுள்ளதைத் தெரிந்தெடுத்தால் இது குறையும். ஆயினும் சுண்ணாம்புக்கும் விசிறும் மருந்துக்கும் துளை மறைக்கப்பட்டதே ஏற்றது. அகன்ற விளிம்புத் தொப்பியோ தலைப்பாகையோ வியர்வை வழிவதைத் தடுப்பதுடன் வெயிலையும் மறைக்கும்.

களத்திற் காற்றுக்கு முதுகுகாட்டி நின்று தூற்றுவதும், கூடநிற்கும் சிறுவரைக் காற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து அகற்றுவதும் எல்லோரும் அறிந்த பழைய முறைகளே. வேலை முடிந்ததும் கண்ணாடியை உடனே கழற்றலாகாது. முதலிற் குனிந்து நின்று தலைமுடியையும் நெற்றியையும் புருவத்தையும் நன்றாக உதறித் துடைத்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்னரே கழற்றல் வேண்டும். அன்றேல், நாள் முழுவதும் தடுத்து நிறுத்திய சுணை அவ்வேளையிலேயே கண்ணில் விழும்.